மந்தையும் மக்களும் சுகமா?

விளையாட்டைச் சோதனைப் பதிப்புக்கு மாற்றுவது என்று முடிவான நாளிலிருந்து என் சமையலறையில் சமையலே நடக்கவில்லை. மேசை முழுக்க ஒயர்கள். சர்வர் பெட்டியைப் பால்கனிக் கதவோரம் தள்ளி வைத்திருந்தோம். பிஷ்கெக் குளிரைவிட நல்ல ஏசி எங்கேயும் கிடைக்காது என்பது என் கூட்டாளி ரெனாத்தின் கட்சி. நிலக்கரிப் புகையையும் சேர்த்து இழுக்கிறதே என்று கேட்டால், "நாமளும்தான் இழுக்கிறோம். ஓடிக்கிட்டுதானே இருக்கோம்" என்பான்.

விளையாட்டின் பெயர் 'வெண்காடு'. வெறுங்கையோடு பனியில் இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டி, தீ மூட்டி, ஓநாயிடம் சிக்காமல், பட்டினியில் சாகாமல் அடுத்த நாளைப் பார்த்தால் அதுவே பெரிய விஷயம். "இதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டர், நாரின் மலைப்பக்கம் போய் ஒரு குளிர்காலம் இருந்துட்டு வாங்களேன்" என்று என் அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாரின் பக்கம் இருந்தவர்களே இன்று மாஸ்கோவிலும் சியோலிலும் அல்லவா இருக்கிறார்கள். வேலை முடிந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்கள் வந்து சேரும் இடம் எங்கள் சர்வர்தான். கோடையில் மந்தையோடு ஏறிப்போகும் புல்வெளியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறோம்: ஜாய்லோ.

நான் ஜிபார். பகலில் பல் டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. மற்ற நேரமெல்லாம் ஜாய்லோதான். கூட்டாளி ரெனாத், காரா-பல்தா ஊர், தாதார் இனத்தவன். சர்வரின் நரம்பு ஒவ்வொன்றும் அவனுக்கு அத்துப்படி. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட உள்ளே இறங்கி விளையாடியதில்லை. ஏனென்று கேட்டால், "குழாய் ரிப்பேர் பண்றவன் தொட்டியில இறங்கிக் குளிக்கணுமா என்ன?" என்பான்.

புதுப் பதிப்பில் ஆறு உறையும், மீன் வரும், புது மலைகள் வரும் என்று விளையாட்டைச் செய்கிறவர்கள் அறிவித்திருந்தார்கள். கீழே பொடி எழுத்தில், இது சோதனைக்கானது, பழைய உலகம் உடைந்தால் எங்களைக் கேட்காதீர்கள் என்றும் போட்டிருந்தார்கள். ஓட்டெடுப்பு வைத்தோம். எல்லோருக்கும் உறைகிற ஆறுதான் வேண்டுமாம். பிறந்ததிலிருந்து உறைந்த ஆற்றைப் பார்த்ததே இல்லாதவர்கள் மாதிரி.

பிறகு எங்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. பேக்கப் எடுத்தோம், அந்தப் பேக்கப்புக்கு ஒரு பேக்கப் எடுத்தோம். நாங்களாக ஒட்டவைத்திருந்த சின்னச் சின்ன வசதிகளை, புதுப் பதிப்போடு சண்டை போடும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பழைய நிலம் புதுப் பதிப்பில் ஒட்டாது என்று தெரிந்தபோது, ஒவ்வொரு வீட்டையும் அப்படியே பெயர்த்துப் புது நிலத்தில் இறக்கிவைக்க ரெனாத் ஒரு நிரல் எழுதினான். சரியாக இறங்கியிருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தது நான். டாக்ஸி ஓட்டும் ஸ்தால்பெக்கின் வெந்நீர்க் குளியலறை புகைபோக்கியோடு வந்திருந்தது. சியோல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற பெர்மெத்தின் மூன்று மாடி வீட்டில் ஒரே ஒரு பூந்தொட்டி திசை மாறி நின்றது. அதையும் திருப்பி வைத்தேன். எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை. 'எல்லாம் பத்திரம், ஒரு பூந்தொட்டிகூடக் குறையாது' என்று அறிவிப்புப் போட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம், ஒத்திகைக்காக அன்று காலை எடுத்த நகலை எல்லோருக்கும் திறந்துவிட்டோம். உங்கள் வீட்டை நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றோம். ஆளாளுக்கு ஓடிவந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். பெர்மெத் எல்லாப் பூந்தொட்டியையும் பார்த்துவிட்டு, "அக்கா, கை குடு, கண்ணுல ஒத்திக்கிறேன்" என்றாள். அப்போதுதான் குபாத் அண்ணன் வந்தார்.

குபாத் அண்ணன் அத்-பாஷியில் குதிரை மேய்த்தவர். இப்போது மாஸ்கோவுக்கு வெளியே ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். ஜாய்லோவில் வீடே கட்டாத ஒரே ஆள். ஒரு கம்பளிக் கூடாரம், அதையும் அடிக்கடி மடித்துக்கொண்டு இடம் மாறிவிடுவார். சொத்து என்றால் குதிரைகள்தான், பதினேழு. காட்டுக் குதிரைகளைப் பிடித்து, பழக்கி, ஜோடி சேர்த்து, குறிப்பிட்ட நிறம் விழும்வரை விடமாட்டார். ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளையாக ஒரு கறுப்புக் குட்டிக்காக ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார். வேலையற்ற வேலை என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

பெர்மெத்துதான் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவளுக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். ஒரு வருடம் தை மாதத்தில் திடீரென்று வெயில் காய்ந்து பனி இளகி, மறுநாளே இறுகிக் கண்ணாடியாகிவிட்டதாம். குதிரைகளால் குளம்பால் உடைத்துப் புல்லை எட்ட முடியவில்லை. அவர் மந்தை முழுவதும் ஒரே பள்ளத்தாக்கில் நின்றது, முழுவதும் போயிற்று. ஜாய்லோவில் அவர் வளர்ப்பது அந்தக் குதிரைகளைத்தான். ஒரு முன்னங்கால் வெள்ளையான கறுப்பு நிஜமாகவே இருந்த குதிரை. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மந்தையும் மக்களும் சுகமா?" முதலில் மந்தை, பிறகுதான் மக்கள். எங்கள் சனத்தின் விசாரிப்பே அப்படித்தான். நானோ ஒன்பதாம் மாடியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் கடைசியாக ஆடு வைத்திருந்தது யாரென்றுகூடத் தெரியாது. ஆனாலும் பதில் பிறவியிலேயே வந்துவிடும். வாய் அது பாட்டுக்குச் சொல்லும், மூளைக்குத் தகவல் போகாது.

அன்றும் கேட்டார். "மந்தையும் மக்களும் சுகமா?"

"சுகம், அண்ணே" என்றேன், இன்னொருவர் வீட்டுக் கூரையைச் சரிபார்த்தபடி.

அவர் நடக்கிற காலடி மட்டும் ஹெட்போனில் கேட்டது. நின்று நின்று நடந்தார்.

"ஜிபார், நீ பாத்தியா?"

"எதை அண்ணே?"

"மந்தைய."

நான் பார்க்கவில்லை. இரண்டு வாரமாகப் பூந்தொட்டி, புகைபோக்கி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் பார்த்தவள், ஒரு பட்டியை எட்டிப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கொட்டில்கள் இருந்தன, வேலி இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது. உயிர் என்று ஒன்றுகூட இல்லை. என் சாம்பல் குதிரையும் இல்லை. 'சுகம்' என்று நான் சொன்ன அந்த உலகத்தில் ஒரு கோழிகூட இல்லை. என் கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

ரெனாத் தட்டச்சுப் பலகையை இழுத்துத் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தான். வீடு என்பது கட்டைகளின் வரிசை, பெயர்க்கலாம். விலங்கு நிலத்தோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறது, நிலம் போனால் அதுவும் போய்விடும். விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு எழுதிக் கேட்டோம். 'தெரியும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்று பதில் வந்தது.

"அண்ணே, நான் கட்டளை போட்டுப் புதுசா பதினேழு குதிரை இறக்கித் தரேன். அதே நிறம், அதே புள்ளி. உங்களுக்கே வித்தியாசம் தெரியாது" என்றான் ரெனாத். நல்ல மனதோடுதான் சொன்னான்.

"நான் வளத்தது இல்லையேப்பா" என்றார் குபாத் அண்ணன்.

அந்த நேரம் பார்த்து ஸ்தால்பெக் உள்ளே வந்தார். கழுதை மேல் உட்கார்ந்தபடி. உலகத்தில் ஒரே ஒரு கழுதை, அதன் மேல் ஒரே ஒரு டாக்ஸிக்காரர். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"என்னய்யா அப்படிப் பாக்கறீங்க? நேத்து இது மேலயே தூங்கிட்டேன், அதான். பொண்டாட்டி வந்து கம்ப்யூட்டர அணைச்சிட்டா."

அதில்தான் விஷயம் பிடிபட்டது. சவாரியில் இருக்கும் விலங்கு நிலத்தின் கணக்கில் இல்லை, ஆளின் கணக்கில் இருக்கிறது. சர்வரை மூடும் நேரத்தில் ஒருவன் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறானோ, அது அவனோடு புது உலகத்துக்கு வந்துவிடும். ஆளுக்கு ஒன்று. கூட ஒன்று கிடையாது.

"அப்ப நான் ஒண்ணு கொண்டாரலாம்" என்றார் குபாத் அண்ணன்.

"ஒண்ணுதான் அண்ணே" என்றேன்.

"சரி. செவலையக் கொண்டாரேன், பெட்டைய. பரவால்ல ஜிபார், நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. எனக்கு இது பழக்கம்தான்."

பழக்கம்தான் என்று அவர் சொன்னது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு மூடுவதாக ஏற்பாடு. எங்கள் பகுதிக்கு நாலு மணிக்குக் கரண்ட் போகும் என்று அறிவித்திருந்தார்கள், மாற்றும் வேலைக்கு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். அதனால் தள்ளிப்போட வழியில்லை. குபாத் அண்ணன் விடுதி கிடங்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. இடைவேளையில் ஓடிவந்து செவலை மேல் ஏறிவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். எல்லோருக்கும் ஒரு செய்தி போட்டேன்: அவரவர் குதிரை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள், ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். அதற்கு மேல் எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் ஆசையாக வளர்த்ததை விட்டுவிடு என்று கேட்க நான் யார்?

பன்னிரண்டு மணி வாக்கில் உள்ளே போய் என் சாம்பல் குதிரைக்குச் சேணம் போட்டுக்கொண்டிருந்தேன். சர்வர் ஆரம்பித்த முதல் வாரத்திலிருந்து என்னோடு இருப்பது. பெர்மெத் தன் வெள்ளைக் குதிரையோடு வந்தாள். அதன் பிடரியில் பின்னல் போட்டு வைத்திருப்பாள். குபாத் அண்ணனின் பட்டிப் பக்கம் போனவள், வெள்ளையிலிருந்து இறங்கினாள். வெள்ளைக்கால் கறுப்பின் மேல் ஏறினாள்.

"என்னடி பண்றே?"

"ஏறி உக்காந்திருக்கேன். நீதானே உக்காரச் சொன்னே?"

"உன் குதிரை?"

"என்னுது நான் இங்க வந்து வாங்கினது அக்கா. அவருது ஊர்ல செத்தது" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே, "அழல்லாம் இல்ல, ஜலதோஷம்" என்றாள்.

நான் சாம்பலின் சேணத்தைக் கழற்றினேன். மயிலை நிறத்துக் கிழட்டுப் பெட்டை ஒன்றின் மேல் ஏறினேன். அடுத்து வந்த ஸ்தால்பெக் எங்களைப் பார்த்தார், தன் கழுதையைப் பார்த்தார். "நீ போன தடவை தப்பிச்சிட்டே, இந்தத் தடவை அடுத்தவனுக்கு விடு" என்று அதனிடம் சொல்லிவிட்டு ஒரு பழுப்பின் மேல் தாவினார். அதன் பிறகு வந்த யாருக்கும் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், தங்கள் குதிரையை விட்டு இறங்கினார்கள். இரண்டு பேர் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தங்களுடையதிலேயே இருந்தார்கள். அதில் தப்பே இல்லை, அந்தப் பாசமும் பாசம்தானே.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குபாத் அண்ணன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கிடங்கிலிருந்து ஓடியிருக்கிறார். பட்டிக்கு வந்தவர், செவலையை விட்டுவிட்டுத் தன் குதிரைகள் அநேகமாக எல்லாவற்றின் மேலும் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். எங்கள் குதிரைகள் சேணமில்லாமல் வேலிக்குப் பின்னால் நின்றன. மூச்சு வாங்குகிற சத்தம் நின்றுவிட்டது, மைக்கை அணைத்துவிட்டார் போலிருக்கிறது. செவலையின் மேல் ஏறினார்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. மூக்கில் வெள்ளை விழுந்த சொத்தைக் குதிரை ஒன்று, காது ஒரு பக்கம் தொங்கும், ஆளில்லாமல் நின்றது. ஒருத்தரும் வருகிற மாதிரி இல்லை.

"ஒரு ஆள் குறையுது" என்றேன், ஹெட்போனில் இல்லை, சமையலறையில்.

எதிரே உட்கார்ந்திருந்த ரெனாத் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். "என்னை எதுக்குப் பாக்கறே? நான் குதிரைய இதுவரைக்கும் தட்டுல வெச்சுதான் பாத்திருக்கேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"சொல்லாமலே பாக்கறியே, அதான் கொடுமை." எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தன் மடிக்கணினியைத் திறந்து, இத்தனை வருடம் ஓசியில் பராமரித்த விளையாட்டை முதன்முதலாக வாங்கினான்.

புது ஆள் ஏரிக்கரையில்தான் பிறக்க வேண்டும். பட்டி மலைக்கு இந்தப் பக்கம். "உன்னை ஒரே தூக்கா இங்க தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றேன்.

"அந்த வசதியத்தான் அன்னிக்கு நான் என் கையாலயே கழட்டினேன்."

ஓடினான். வெறுங்கால், வெறுங்கை, பனி. "இடப்பக்கம் திரும்புடா, அது பாறை" என்று ஸ்தால்பெக் டாக்ஸிக்கு வழி சொல்கிற மாதிரி கத்தினார். ஓர் ஓநாய் பின்னாலேயே வந்து காலைக் கவ்வியது. "கடிக்குது, இது நிஜமாவே கடிக்குது" என்றான், தானே பராமரிக்கிற ஓநாயைப் பற்றி. பாதி உயிரோடு பட்டிக்குள் விழுந்தான். ஏறினான், சறுக்கி அந்தப் பக்கம் விழுந்தான். மறுபடி ஏறினான். சொத்தைக் குதிரை தொங்குகிற காதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நின்றது.

மூடும் கட்டளையைத் தட்டும் முன், எட்டிப்போய் வேலிக் கதவைத் திறந்துவிட்டேன். என் சாம்பலும் பெர்மெத்தின் வெள்ளையும் ஸ்தால்பெக்கின் கழுதையும் மற்றவையும் பனிக்குள் மெல்லப் போயின. இன்னும் ஒரு நிமிடத்தில் அந்தப் பனியே இருக்காது. அடைத்து வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கரண்ட் போவதற்குள் வேலை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாய்லோவைத் திறந்தோம். புது மலை, புது வெளிச்சம், ஆறு நிஜமாகவே உறைந்து கிடந்தது. ஒருவரும் ஆற்றைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், வந்த ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு குதிரை இருந்தது. கறுப்பு வந்தது, பழுப்பு வந்தது. ரெனாத் இன்னும் ஓநாய்க் கடியோடு சொத்தை மேல் வந்தான். கடைசியில் செவலை மேல் குபாத் அண்ணன். வந்ததும் கேட்டார்.

"மந்தையும் மக்களும் சுகமா?"

ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்று பார்த்தேன். காலைப் பார்த்தேன், பிடரியைப் பார்த்தேன். ரெனாத், "தூங்கிட்டியா?" என்று கேட்டான். அவனைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

"சுகம், அண்ணே. பதினேழும் இருக்கு. பாத்துட்டுதான் சொல்றேன்."

"உங்களுது?"

அவருக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டார். ஸ்தால்பெக் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத விடுங்கண்ணே. பட்டி எங்க போடணும்னு சொல்லுங்க, இறங்கிக் கட்டிக் குடுத்துடறோம்" என்று இறங்கப் போனார்.

"இறங்காதீங்க" என்றார் குபாத் அண்ணன். "யாரும் இறங்கக் கூடாது. யாரு எது மேல உக்காந்திருக்கீங்களோ, அது உங்களுது."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. எங்களில் ஒருவரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் குதிரை மேல் ஏற்றிவிடுவார்கள். ஏற்றிவிட்டால் அது அவருடையது. வேண்டாம் என்று இறங்குவது ஏற்றிவிட்டவரை அவமதிப்பது. மண்டபம் வாடகைக்கு எடுத்துச் செய்கிற விழாக்களில் பார்த்திருக்கிறேன், கைதட்டியிருக்கிறேன். இப்படி ஒரு மனிதர் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டதை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, இது உங்க மந்தை. திரும்ப ஒண்ணு சேக்க எத்தனை நாளாச்சு உங்களுக்கு?" என்றாள் பெர்மெத். இந்த முறை ஜலதோஷம் என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு எல்லாம் ஒரே பள்ளத்தாக்குல நின்னுதும்மா" என்றார். அதைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். "ஆளுக்கு ஒரு பக்கமா ஓட்டிக்கிட்டுப் போங்க. குட்டி போட்டா மட்டும் எனக்குக் காட்டுங்க."

"எனக்கு வேணாம்ணே. நான் இதுக்குள்ள வர்றவனே இல்ல. இதுக்குத் தீனி யாரு போடுறது?" என்றான் ரெனாத், பயந்துபோய்.

"நீதான்" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

குதிரைகள் புது மலையில் பதினாறு பக்கமாகப் பிரிந்து போயின. செவலை மட்டும் ஆற்றங்கரையில், கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

இப்போதும் ஒவ்வொரு சாயங்காலமும் வந்ததும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். ஆனால் என்னிடம் மட்டுமில்லை, எல்லோரிடமும். எல்லோரும் அவரவர் குதிரைக்குப் பதில் சொல்ல வேண்டும். ரெனாத்திடம் கேட்டால் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். சொத்தையை எங்கோ மலைக்குப் பின்னால் மேயவிட்டிருக்கிறான். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அவ்வளவு தூரமும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூச்சு வாங்க, "சுகம்ணே" என்கிறான்.